வியாழனுக்கும் மெர்வினுக்கும் நடுவில் ஒரு புல்பட்டை

மெர்வின் டில்புரூக் லாரி ஓட்டிய தூரத்தை எல்லாம் நீட்டிப் போட்டால் நிலாவுக்குப் போய்த் திரும்பி, அங்கே எதையோ மறந்து வைத்துவிட்டு வந்தவனைப் போல மறுபடியும் ஒரு நடை போய்வரலாம். இது அவனே போட்ட கணக்கு. அவன் ஊரான டெய்லம் பெண்டில் யாரும் அதைச் சரிபார்த்ததில்லை. நாற்பது வருஷம் கோதுமையும் கம்பளியும் ஏற்றிக்கொண்டு பெர்த்துக்கும் மெல்பர்னுக்கும் நடுவில் எங்கேயோ இருந்தவனிடம் கணக்குக் கேட்பது மரியாதை இல்லை. அப்படிப்பட்டவன் இப்போது போகக்கூடிய அதிகபட்சத் தூரம், பின்வேலியோரக் கோழிக்கூண்டிலிருந்து முன்வாசல் தபால்பெட்டி வரை.

இடது கணுக்காலில் ஒரு கறுப்புப் பட்டை. அதற்குள் இருக்கும் கருவி அவன் எங்கே இருக்கிறான் என்பதை யாருக்கோ ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கும். குடித்துவிட்டு ஓட்டியதற்கு லைசென்ஸ் போயிற்று. லைசென்ஸ் இல்லாமல் ஓட்டியதற்கு அபராதம். அபராதத்துக்குப் பிறகும் ஓட்டியதற்கு, ஒரு வருஷம் ஜெயில் அல்லது ஒரு வருஷம் வீடு என்றார் நீதிபதி. மெர்வின் வீட்டைத் தேர்ந்தெடுத்தான். பட்டையை மாட்டிய அன்று, "எடது காலா? பரவால்ல, அது கிளட்ச்சுக்குத்தானே" என்றான். மாட்டியவள் சிரிக்கவில்லை. அவள் பெயர் ட்ரூடி. அவனைக் கண்காணிக்க நியமிக்கப்பட்ட அதிகாரி. வயதில் அவன் மகள் போல இருப்பாள். நடத்தையில் அவன் தலைமையாசிரியை போல.

அவனைப் போட்டுக்கொடுத்தது எதிர்வீட்டு லயல் நோஸ்கி. இதைக் கண்டுபிடிக்க யாரும் சிரமப்பட வேண்டியிருக்கவில்லை. போலீஸ் வந்து போன மறுநாள் லயலே சாலையைக் கடந்து வந்து, "நான்தான் போன் பண்ணினேன். வேற யாரையாச்சும் நெனச்சுக்கிட்டு இருக்கப்போற" என்று சொல்லிவிட்டுப் போனான். ரயில்வேயில் சிக்னல் பார்த்து ஓய்வு பெற்றவன். பார்த்ததைப் பார்த்தபடி சொல்லாவிட்டால் அவனுக்குச் சோறு இறங்காது. இந்த ஊரில் ஆடு திருடியவனோடு உட்கார்ந்து பீர் குடிப்பார்கள். போட்டுக்கொடுத்தவனுக்குப் பக்கத்து நாற்காலி காலியாகவே இருக்கும். லயல் அந்தக் காலி நாற்காலியின்மேல் தொப்பியை வைத்துவிட்டு நிம்மதியாகக் குடிப்பான்.

முதல் எச்சரிக்கை புல்லால் வந்தது.

வீட்டுக்கும் தார்ச்சாலைக்கும் நடுவில் ஒரு புல்பட்டை உண்டு. ஊரில் அதற்கு நேச்சர் ஸ்ட்ரிப் என்று பெயர். இயற்கை அங்கே செய்தது ஒன்றுமில்லை. வாரம் ஒருமுறை வீட்டுக்காரன் வெட்டாவிட்டால் பக்கத்து வீட்டுக்காரன் முகம் திருப்பிக்கொள்வான், அவ்வளவுதான். அதை உரம் போட்டு வளர்ப்பவனும், நாய் அசிங்கம் செய்தால் சண்டைக்குப் போகிறவனும் வீட்டுக்காரன். நிலம் மட்டும் ஊராட்சிக்குச் சொந்தம். இந்த விவரம் நாட்டில் எல்லோருக்கும் தெரியும், ஒருவரும் நம்புவதில்லை. மெர்வினும் நம்பாமல்தான் ஒரு சனிக்கிழமை இயந்திரத்தைத் தள்ளிக்கொண்டு போனான். இரண்டு வரிசை வெட்டுவதற்குள் போன் அடித்தது.

"மெர்வின், எங்க இருக்கீங்க?" ட்ரூடி.

"வீட்டுல."

"வீட்டுல எங்க?"

"புல்லு வெட்டிக்கிட்டு இருக்கேன்."

"மேப்புல வீட்டுக்கு வெளியில காட்டுது."

"வெளியில இல்ல ட்ரூடி. நேச்சர் ஸ்ட்ரிப்புல."

"அது கவுன்சில் எடம்."

"இத்தன வருஷமா நான்தான் வெட்டுறேன்!"

"வெட்டுறவங்களுக்கெல்லாம் சொந்தம்னா சலூன்காரர்தான் நம்ம தலைக்கெல்லாம் சொந்தக்காரர். உள்ள போங்க."

மறுநாள் நேரில் வந்து சொன்னாள். இது ஒன்று. இன்னொன்று நடந்தால் வீடு கிடையாது. மிச்சமிருக்கும் மாதங்களை ஜெயிலில் கழிக்க வேண்டும். கருவி சில சமயம் ஓரிரு மீட்டர் முன்னே பின்னே சொல்லும் என்பது அவர்களுக்கும் தெரியும். ஆனால் புல் வெட்டப்பட்டிருந்தது, அதை முன்னே பின்னே என்று சொல்ல முடியாது.

மனைவி நோலீன் அன்று மாலையே தோட்டத்து ரப்பர் குழாயை எடுத்து, தபால்பெட்டியிலிருந்து பக்கவேலி மூலை வரை எல்லைக்கோட்டின்மேல் நீளமாகப் போட்டாள். முன்வேலி இல்லாத வீடு அது. உள்ளே இருப்பதும் அதே புல், வெளியே இருப்பதும் அதே புல். நடுவில் பச்சைப் பாம்பு போல அந்தக் குழாய்.

"இதத் தாண்டினா நான் ஞாயித்துக்கெழம தோறும் ஜெயிலுக்கு வந்து ஒன்னப் பாப்பேன்னு கனவு காணாத" என்றாள். "எனக்கு ஞாயித்துக்கெழமதான் லீவு."

அவளுக்கு முதியோர் இல்லச் சமையலறையில் வேலை. நாற்பது வருஷமாக வாரத்துக்கு ஒருநாள் வந்து போகும் கணவனோடு நல்லபடியாகக் குடும்பம் நடத்தியவள். எல்லா நாளும் இருக்கும் கணவனோடு எப்படி வாழ்வது என்று அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அவன் மசாலா டப்பாக்களை அகரவரிசையில் அடுக்கினான். கோழிகளுக்குப் பெயர் வைத்தான். அவள் பாத்திரம் கழுவும் முறையில் இருக்கும் குறைகளை விளக்கினான். ஒருநாள் அவள் காரின் பின்னிருக்கையிலிருந்து ஒரு நீண்ட அட்டைப்பெட்டியை இழுத்து இறக்கினாள். கூட வேலை செய்பவளின் கணவன் ஓடிப்போனபோது விட்டுச்சென்ற தொலைநோக்கி.

"ஃபிரிட்ஜ எடுத்துக்கிட்டானாம், டிவிய எடுத்துக்கிட்டானாம். வானத்த மட்டும் விட்டுட்டுப் போயிட்டான்" என்றாள். "நீ வெச்சுக்க. ராத்திரிலயாச்சும் வீட்டுக்குள்ள இருக்காத."

மெர்வின் முதலில் பார்த்தது வியாழனை. இத்தனை வருஷம் லாரியின் கண்ணாடிக்கு வெளியே ஒரு வெளிச்சப்பொட்டாகக் கூடவே வந்தது, இப்போது வட்டமாக, வயிற்றில் இரண்டு பட்டைகளோடு, பக்கத்தில் நான்கு நிலாக்களோடு நின்றது. குரு பார்க்கக் கோடி நன்மை என்பார்கள். குருவை நாம் பார்க்கப் போனால் என்ன கிடைக்கும் என்று யாரும் சொல்லிவைக்கவில்லை. மெர்வினுக்குக் கிடைத்தது ஆசை: அதைப் படம் எடுக்க வேண்டும்.

பெட்டியில் கட்டைவிரல் பருமனில் ஒரு கேமராவும் இருந்தது. கண்ணை வைக்கும் இடத்தில் அதைச் செருகி, கேபிளை மடிக்கணினியில் மாட்டினால் வியாழன் திரையில் வரும். வந்தது, வெள்ளை வெளேரென்று, பட்டையும் இல்லாமல் ஒன்றும் இல்லாமல், மேசையில் சிந்திய பால் துளி போல. வெளிச்சத்தைக் கூட்டினால் நன்றாகத் தெரியும் என்று நினைப்பது எல்லோரும் முதலில் செய்யும் தவறு. கிரகம் இருட்டில் இருந்தாலும் அது வெயிலில் நிற்பது. குறைக்கக் குறைக்கத்தான் முகம் தெரியும். இதைக் கண்டுபிடிக்க அவனுக்குச் சில நாட்கள் ஆயின.

இரண்டாவது தவறு இந்த நாட்டுக்காரர்கள் மட்டுமே செய்யக்கூடியது. தொலைநோக்கியின் முக்காலியில் மோட்டார் இல்லை. ஓடிப்போனவன் அதைக் கழற்றிக்கொண்டு போயிருந்தான். பூமி சுழலும் வேகத்துக்கு ஈடாகக் கையாலேயே ஒரு திருகைத் திருப்பிக்கொண்டிருக்க வேண்டும். அதற்கு முக்காலியின் அச்சு சரியான திசையில் நிற்க வேண்டும். இணையத்தில் அவன் பார்த்த வீடியோக்கள் எல்லாவற்றிலும் கையுறையும் கம்பளித் தொப்பியும் போட்ட யாரோ ஒருவர், அச்சை வட துருவ நட்சத்திரத்தைப் பார்த்து வையுங்கள் என்று சொன்னார். மெர்வின் வடக்கே பார்த்து வைத்தான். வட துருவ நட்சத்திரத்தைத் தேடினான். பூமியின் தென்பாதியில் இருக்கும் டெய்லம் பெண்டில் அதைப் பார்க்க வேண்டுமானால் கடப்பாரை எடுத்துத் தரையைத் தோண்ட வேண்டும். இரண்டு வாரம், திருகைத் திருப்பத் திருப்ப, வியாழன் அபராதம் கட்டாதவனைப் போலக் குறுக்கே ஓடி மறைந்தது. கடைசியில் இணையத்தில் கேட்டான். மில்டுராவிலிருந்து யாரோ ஒரே வரியில் பதில் போட்டார்: நண்பா, நீ ஆஸ்திரேலியாவில் இருக்கிறாய், திரும்பி நில்.

நோலீன் அடுப்படியில் உட்கார்ந்து சிரித்தாள். "நாப்பது வருஷம் லாரி ஓட்டினவனுக்குத் தெக்கு எது வடக்கு எதுன்னு தெரியல. ஒங்கிட்ட சரக்கு ஏத்தி அனுப்பினாங்களே, அவங்களச் சொல்லணும்."

அச்சு திரும்பியது. படம் திருந்தவில்லை. மூன்றாவது தொல்லை அவன் தவறு அல்ல, வீட்டின் தவறு. அந்த வருஷம் வியாழன் வடக்கே, தாழ்வாகப் போய்க்கொண்டிருந்தது. வீடு வடக்கே பார்த்தது. கொல்லையிலிருந்து பார்த்தால் வியாழன் வீட்டுக் கூரையை உரசிக்கொண்டு போகும். பகல் முழுக்க வெயில் குடித்த செங்கல்லும் தகரமும் மாலையில் அதை மூச்சாக விடும். அந்த மூச்சுக்குள் வியாழன் கொதிக்கிற தண்ணீரில் போட்ட முட்டை போலக் குதித்தது. முன்புல்வெளியிலிருந்து பார்க்கலாம் என்றால் எதிரே ஊராட்சி வைத்த யூகலிப்டஸ் மரம். அதை வெட்டுவது குற்றம். மரத்தைத் தாண்டி நிற்பதும் குற்றம், அவனுக்கு மட்டும். வானம் முழுக்கத் திறந்து கிடந்த இடம் ஒன்றே ஒன்று: மரத்துக்கு அப்பால், அந்தப் புல்பட்டையின் சாலையோர விளிம்பு.

அறுபது, எழுபது கோடி கிலோமீட்டரையும் மறைப்பில்லாமல் கடந்து வந்த வெளிச்சம், கடைசி ஐந்து அடியில் ஊராட்சி நிலத்தில் நின்றுவிடுகிறது. மெர்வின் சில மாலைகளில் ரப்பர் குழாயின் பக்கத்தில் பெருவிரல்களை வைத்து நின்றுகொண்டு அந்த இடத்தைப் பார்ப்பான். கூண்டிலிருக்கும் கோழிகள்கூட அவ்வளவு நேரம் ஒரே இடத்தைப் பார்ப்பதில்லை.

வழி கண்டுபிடித்தது நோலீன்தான். அவளுக்கு வானத்தின்மேல் ஆர்வம் ஒன்றுமில்லை. அவன் குழாயருகே நிற்பதுதான் பயமாக இருந்தது. "நீ போகக் கூடாது. சரி. அது போகலாமில்ல?" என்றாள். தொலைநோக்கியைத் தூக்கிப்போய் மரத்துக்கு அப்பால் வைத்தாள். நீளக் கேபிள் ஒன்று வாங்கி வந்தாள். மடிக்கணினி குழாய்க்கு உள்ளே, பீர் வைக்கும் ஐஸ்பெட்டியின்மேல். மெர்வினின் கண் வெளியே போயிற்று. மெர்வின் உள்ளேயே இருந்தான். திருகைத் திருப்ப நோலீன். திரையைப் பார்த்துக் கத்த அவன்.

"எடது பக்கம்!"

"எடதுதான் திருப்புறேன்!"

"அது வலது!"

"என் எடதா ஒன் எடதா?"

திரையில் எல்லாம் தலைகீழாகவும் இடவலம் மாறியும் தெரியும். இரண்டு பேரும் சரியாகத்தான் சொன்னார்கள், ஆனால் வியாழன் ஒவ்வொரு முறையும் திரைக்கு வெளியே போனது. கல்யாணமான காலத்திலிருந்து அவர்கள் அவ்வளவு பேசிக்கொண்டதில்லை.

மார்ச் மாதம். சுற்றுப்புற வயல்களில் அறுத்த கோதுமைத் தட்டைக்குத் தீ வைத்திருந்தார்கள். அன்று மாலை மெர்வின் கொல்லையில் நின்று அந்தப் புகையைப் பார்த்தான். வழக்கமாக வளைந்து கலைந்து போகும் புகை, தூண் நட்டது போல நேராக நின்றது. காற்று அசையவில்லை. மேலேயும் அசையாமல் இருந்தால், கிரகம் பிடிப்பவனுக்கு வருஷத்தில் சில முறையே கிடைக்கும் மாலை அது. அன்று வியாழனின் பெரிய செம்புள்ளியும் இந்தப் பக்கம் திரும்பி வரும் என்று கணினி சொன்னது. அடுத்த மாதம் வியாழன் இன்னும் மேற்கே சரிந்துவிடும். பிறகு பக்கத்து வீட்டுக் கொட்டகைக்குப் பின்னால் போய்விடும்.

நோலீன் எல்லாவற்றையும் எடுத்து வைத்தாள். இருட்டுவதற்கு முன்பே வியாழன் தெரிந்தது. மெர்வின் திரையைப் பார்த்து மூச்சை அடக்கிக்கொண்டான். குதிப்பு இல்லை, கொதிப்பு இல்லை. பட்டைகளின் ஓரத்தில் கிழிசல்கள்கூடத் தெரிந்தன. கல்லில் செதுக்கியது போல.

அப்போது நோலீனின் போன் அடித்தது. இரவு வேலைக்கு வர வேண்டியவளுக்குக் காய்ச்சல். உடனே வரச் சொன்னார்கள்.

"பத்து நிமிஷம்" என்றான் மெர்வின்.

"அங்க நாப்பது பேரு சாப்பாட்டுக்கு உக்காந்திருக்காங்க. பல்லு இருக்கறவங்க பாதிப் பேரு, பொறும இருக்கறவங்க ஒருத்தர்கூட இல்ல. நான் இதத் தூக்கி உள்ள வெச்சுட்டுப் போறேன்."

"வேணாம். இருக்கட்டும்."

"இருந்து? யாரு திருப்புவா?"

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள், பிறகு குழாயைப் பார்த்தாள், பிறகு கார்ச் சாவியை எடுத்துக்கொண்டாள். "மெர்வ். இன்னொன்னுதான் மிச்சம். அது நெனப்புல இருக்கட்டும்."

கார் போயிற்று. வியாழன் திரையின் ஓரத்துக்கு நகர்ந்தது. பாதியாயிற்று. பிறை அளவாயிற்று. போயிற்று. கறுப்புத் திரையின் முன்னால் மெர்வின் உட்கார்ந்திருந்தான். எட்டிப் பிடிக்கும் தூரத்துக்குக் கொஞ்சம் அப்பால் அந்தத் திருகு.

சட்டத்தைப் பற்றி அவன் அதுவரை ஆழமாக யோசித்ததில்லை. இப்போது யோசித்தான். கருவி இருப்பது இடது கணுக்காலில். ஆகவே அவர்கள் வீட்டில் வைத்திருப்பது இடது காலை. மிச்ச மெர்வினைப் பற்றி அந்தக் கருவிக்கு எதுவும் தெரியாது. எழுந்து போய் இலை வாரும் நீளக் கோலை எடுத்துவந்தான். இடது காலைக் குழாய்க்கு உள்ளே ஊன்றி, வலது காலை எவ்வளவு தூரம் வைக்க முடியுமோ அவ்வளவு தூரம் வெளியே வைத்து, கோலை நீட்டித் தொலைநோக்கியின் பின்பக்கத்தை மெல்லத் தள்ளினான். திரையில் வியாழன் குறுக்கே பாய்ந்து போனது. இன்னும் கொஞ்சம் நீட்டினான். அறுபத்தொரு வயதில் மனிதன் அவ்வளவு அகலமாக நிற்கக் கூடாது. புல்மேல் முகம் குப்புற விழுந்தான்.

விழும்போதும் இடது காலை விடவில்லை. அது குழாய்க்கு உள்ளேயே கிடந்தது. மற்றதெல்லாம் ஊராட்சி நிலத்தில்.

"விழுந்துட்டியா?"

தலையைத் தூக்கிப் பார்த்தான். லயல் நோஸ்கி. குப்பைத்தொட்டியைச் சாலையோரம் வைக்க வந்தவன் அங்கேயே நின்றிருந்தான்.

"இல்ல. வியாழனப் பாக்குறேன்."

"படுத்துக்கிட்டா?"

"ஒனக்கென்ன? போயி போன் பண்ணு. நம்பர் மனப்பாடமா இருக்குமே."

"போன தடவ நீ வண்டி ஓட்டின" என்றான் லயல். "இப்ப படுத்திருக்க. படுத்திருக்கறதுக்கு எந்த நம்பருன்னு தெரியல."

சாலையைக் கடந்து வந்தான். தொலைநோக்கியைச் சுற்றி நடந்தான். கேபிளைப் பார்த்தான், அது போகும் வழியில் குழாயைப் பார்த்தான், குழாய்க்கு உள்ளே கிடந்த காலைப் பார்த்தான். சிக்னல்காரன், ஒரே பார்வையில் புரிந்துகொண்டான்.

"இதத் திருப்பணுமா?"

"ஆமா."

"ரெண்டு எட்டுதானே. எந்திரிச்சு வந்து திருப்பிக்க. நான் அந்தப் பக்கம் பாத்துக்கறேன்."

மெர்வின் எழுந்து உட்கார்ந்தான், உள்ளே. தெருவில் வேறு யாரும் இல்லை. இரண்டு எட்டு என்பது உண்மைதான். கருவி அதை முன்னே பின்னே என்றுகூட நினைத்துக்கொள்ளலாம். செம்புள்ளி இந்நேரம் நடுவுக்கு வந்திருக்கும். வலது கால் தானாகவே குழாயைத் தேடிப் போனது. அவன் அதைப் பிடித்து இழுத்து வைத்துக்கொண்டான்.

"நீயே திருப்பு" என்றான்.

"நானா?"

"தாண்டச் சொல்லத் தெரியுதுல்ல. திருப்பு."

லயல் திருப்பினான், தவறான பக்கம். "எடது" என்றான் மெர்வின். எதன் இடது என்று லயல் கேட்டான். மெர்வின் விளக்கினான். லயல் அதை மறுத்தான். இத்தனை மாதத்தில் அவர்கள் பேசாமல் சேர்த்து வைத்த கோபமெல்லாம் அந்தத் திருகின் மேல் வந்து உட்கார்ந்தது.

"ஏய், எடது வலதெல்லாம் எங்கிட்டச் சொல்லாத" என்று கத்தினான் லயல். "ரயிலுக்கு எடது வலது கெடையாது. அடிலெய்டு இருக்கு, மெல்பர்ன் இருக்கு. எது வேணும், சொல்லு!"

மெர்வின் மேற்கே, மூன்றாவது தெருவுக்கு அப்பால் நெடுஞ்சாலை போகும் திக்கைப் பார்த்தான். அதில் சந்தேகத்துக்கே இடமில்லை. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான்.

"அடிலெய்டு."

"எவ்வளவு?"

"கொஞ்சம்தான். வழியில மர்ரே பிரிட்ஜக்கூடத் தாண்ட வேணாம்."

திரையின் ஓரத்தில் வெளிச்சம் கசிந்தது. விளிம்பு வந்தது. முழு வியாழனும் வந்து நின்றது.

"அங்கயே! இப்ப அடிலெய்டு, கொஞ்சம் கொஞ்சமா. விடாத. அதிகமாயிடுச்சு, மெல்பர்ன் ஒரு முடி... ஆங். அடிலெய்டு. அடிலெய்டு."

அடிலெய்டுக்குப் போக அனுமதி இல்லாத ஒருவனும், அடிலெய்டுக்குப் போனாலும் பார்க்க ஆள் இல்லாத ஒருவனும் வியாழனை அங்கே அனுப்பிக்கொண்டிருந்தார்கள். மெர்வின் வீடியோவை ஓடவிட்டான். ஒன்று, பிறகு இன்னொன்று. ஒவ்வொன்றிலும் ஆயிரக்கணக்கான படங்கள் இருக்கும். நாளைக்குக் கணினி அவற்றில் காற்று நின்ற கணங்களில் விழுந்த சிலதை மட்டும் பொறுக்கி, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, மிச்சத்தைத் தூக்கி எறியும். அன்று எறிய அதிகம் இருக்காது.

"நானும் பாக்கலாமா?" என்றான் லயல். திருகை விட்டுவிட்டுக் குழாயைத் தாண்டி உள்ளே வந்தான். எந்தக் கருவியும் அவனைத் தடுக்கவில்லை. திரைமேல் குனிந்தான். "அந்தச் செவப்பு என்ன? கண்ணாடியில ஈ ஒக்காந்திருக்கா?"

"புயல். நம்ம பூமிய அப்படியே உள்ள போட்டுடலாம்."

"எவ்வளவு நாளா அடிக்குது?"

"நூறு வருஷத்துக்கு மேல."

"யாரும் புகார் குடுக்கலயா?"

"நீ அங்க இல்லியே."

லயல் சிரித்தான் என்று சொல்ல முடியாது. மூக்கால் காற்று விட்டான். அப்போது ஐஸ்பெட்டியின்மேல் மெர்வினின் போன் அதிர்ந்தது. திரையில் ட்ரூடி என்று எழுதியிருந்தது.

"மெர்வின், எங்க இருக்கீங்க?"

"வீட்டுல, ட்ரூடி."

"கொஞ்ச நேரமா எல்லைக்கு மேலயே காட்டுது. உள்ள, வெளிய, உள்ள, வெளிய. நேச்சர் ஸ்ட்ரிப்பா மறுபடியும்?"

"என் காலு தாண்டல."

"ஒங்க காலு தாண்டலைன்னு நீங்க சொல்றீங்க. போன தடவையும் வீட்டுலதான் இருக்கேன்னு சொன்னீங்க." அவள் குரலில் கோபம் இல்லை, அதுதான் பயமாக இருந்தது. "பக்கத்துல யாராச்சும் இருக்காங்களா? நோலீன்?"

"நோலீன் வேலைக்குப் போயிட்டா."

"வேற?"

மெர்வின் பக்கத்தில் இருந்தவனைப் பார்த்தான். ஊரில் எட்டாயிரம் ஏக்கர் கோதுமை வயல் இருக்கிறது, ஆற்றில் எத்தனையோ படகு இருக்கிறது. அவ்வளவையும் விட்டுவிட்டு இந்த நேரத்தில் இந்தப் புல்லில் நிற்க வேண்டியவன் இவன்தானா. பொய் சொல்லத் தெரிந்த மனிதர்கள் எத்தனை பேரை அவன் அறிவான்.

"லயல் நோஸ்கி இருக்கான்" என்றான்.

அந்தப் பெயர் அவளுக்கும் தெரிந்திருந்தது. அவளுடைய கோப்பு தொடங்குவதே அந்தப் பெயரில்தான். "அவர்கிட்டக் குடுங்க."

லயல் போனை வாங்கி, நிமிர்ந்து நின்று காதில் வைத்தான். "நோஸ்கி பேசுறேன்."

மெர்வினுக்கு மறுமுனை கேட்கவில்லை.

"ஆமா. வந்தப்ப அவன் கீழ படுத்துக் கெடந்தான். ... ஒடம்பு வெளியிலதான். ஆமா, வெளியில." மெர்வின் கண்ணை மூடிக்கொண்டான். "தல வெளியில, கை வெளியில. கையில ஒரு கோலு. ... காலக் கேக்குறீங்களா? எந்தக் காலு? ... எடது உள்ள. தாண்டல. ... நிச்சயமாத்தான் சொல்றேன். நான் கண்ண எடுக்கலையே. தாண்டுவான், தாண்டுவான்னுதான் அதையே பாத்துக்கிட்டு இருந்தேன். தாண்டல."

பிறகு நீண்ட நேரம் கேட்டுக்கொண்டான். "சொல்லிடறேன்" என்று முடித்துப் போனைக் கொடுத்தான்.

"என்ன சொன்னா?"

"கருவி உள்ளதான் இருந்ததுன்னு எழுதிக்கறாங்களாம். ஆனா இனிமே ஒடம்புல ஒரு விரலுகூட குழாயத் தாண்டக் கூடாதாம். காலு மட்டும் வீட்டுல இருந்தா வீட்டுல இருக்கறதா அர்த்தம் இல்லையாம்." லயல் கொஞ்சம் யோசித்தான். "சிரிச்சாங்கன்னு நெனக்கிறேன். சரியாக் கேக்கல."

மெர்வின் ஐஸ்பெட்டியைத் திறந்து ஒரு பீரை எடுத்தான். கையில் வைத்துக்கொண்டே கேட்டான். "நீ அந்தப் பக்கம் பாத்துக்கறேன்னு சொன்ன."

"சொன்னேன்."

"ஆனா காலையே பாத்துக்கிட்டு இருந்திருக்க."

"ஆமா."

"தாண்டியிருந்தா?"

லயல் அந்தக் கேள்வியை நியாயமான கேள்வியாகவே எடுத்துக்கொண்டான். "போன் பண்ணியிருப்பேன்" என்றான்.

வெளியே ஆள் இல்லாமல் நின்ற தொலைநோக்கி, வியாழன் போய்விட்ட இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. வயலில் புகை இன்னும் நேராகத்தான் நின்றது. நாளையும் நிற்கும் என்று வானிலைக்காரர்கள் சொல்லியிருந்தார்கள். நோலீனுக்கு நாளையும் இரவு வேலை இருக்கும், காய்ச்சல் ஒரே நாளில் போவதில்லை. மெர்வின் இதையெல்லாம் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தான். தெருவில் மற்ற வீடுகளையும் நினைத்துப் பார்த்தான். ஒரு வீட்டில் குழந்தைகள், ஒரு வீட்டில் நாய், ஒரு வீட்டில் ஆளே இல்லை.

லயல் கைகளைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டு வெளியே போக ஆரம்பித்தான்.

"எங்க போற?" என்றான் மெர்வின்.

"வீட்டுக்கு."

"அந்தத் திருக யாரு திருப்புவா? வியாழன் வெளியில போயி அஞ்சு நிமிஷம் ஆச்சு."

லயல் நின்றான். மெர்வின் பீரை நீட்டினான், குழாய்க்கு உள்ளேயே நின்றுகொண்டு, கையை மடக்கியபடி. லயல்தான் இரண்டு எட்டு திரும்பி வந்து வாங்கிக்கொள்ள வேண்டியிருந்தது.